நூற்றுக்கு அரை டொலர்: ஸ்ரனிஸ்லாவ் உலாமின் கதை

பிளாக்ஜக் மேசையில் மொத்தமாக நூறு டொலர் பந்தயம் கட்டினால் அதில் கசினோவுக்குச் சராசரியாக எவ்வளவு மிஞ்சும்? முறையாக ஆடத் தெரிந்தவரிடமிருந்து ஏறத்தாழ அரை டொலர். டீலர் ஆடும் விதத்தைப் பார்த்து அப்படியே ஆடுபவரிடமிருந்து ஐந்தரை டொலர். கைராசியை நம்பி ஆடுபவரிடமிருந்து எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். எந்தக் கசினோவும் இந்த எண்களைத் தன் வாசலில் எழுதி ஒட்டுவதில்லை. ஆனாலும் இவை இரகசியமல்ல. வீட்டுக் கணனி வைத்திருக்கும் எவரும் சில வரிகளில் ஒரு நிரல் எழுதி, அந்தக் கணனியைக் கோடிக்கணக்கான தடவை பிளாக்ஜக் ஆடவிட்டு, இலாப நட்டத்தைக் கூட்டிப் பார்த்து அறியலாம்.

கணக்கு எழுதுவது என் தொழில். மற்றவர்களின் வங்கிக் கூற்றுகளைப் பார்ப்பது அதில் ஒரு பகுதி. ஒரே இரவில் ஒரே இடத்தில் மூன்று தடவை காசு எடுத்த வரிகளைக் காணும்போது நான் வாய் திறப்பதில்லை, அது என் வேலையுமல்ல. ஆனால் சனிக்கிழமைகளில் கசினோ பஸ் ஏறும் எங்கள் பெரியவர்களுக்கு அந்த அரை டொலரும் ஐந்தரை டொலரும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பதுண்டு. அதனால்தான், ஆடிப்பார்த்து எண்ணி முடிவுக்கு வரும் இந்த வழியை உலகத்துக்குத் தந்த மனிதரின் கதையை எழுதுகிறேன். அவர் சூதாடியல்ல. ஊரையும் குடும்பத்தையும் இழந்த ஒரு கணிதக்காரர். பெயர் ஸ்ரனிஸ்லாவ் உலாம்.

உலாம் 1909 ஏப்ரல் 13 இல் லெம்பேர்க் நகரில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் நகரம். அவருக்குப் பத்து வயதாகும்போது அது லுவூவ் என்ற பெயரோடு போலந்துக்குள் இருந்தது. பிறகு சோவியத்தின் ல்வோவ். இன்று உக்ரைனின் லிவிவ். தகப்பனார் யோசெப் சட்டத்தரணி. வசதியான யூதக் குடும்பம். உறவினரிடையே வங்கி நடத்தியவர்களும் மர வியாபாரிகளும் இருந்தார்கள், ஒரு சித்தப்பா கட்டடக் கலைஞர். முதலாம் உலகப் போரின்போது குடும்பம் வியன்னாவுக்கு இடம்பெயர்ந்து 1918 இல் திரும்பி வந்தது. சிறுவன் உலாமுக்கு இடப்பெயர்வு அப்போதே பழக்கமாகிவிட்டது.

1927 இல் லுவூவ் பொலிரெக்னிக்கில் சேர்ந்தார். 1933 இல் குராத்தோவ்ஸ்கியிடம் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆனால் அவருடைய உண்மையான பல்கலைக்கழகம் ஒரு தேநீர்க்கடை. ஸ்கொட்டிஷ் கஃபே என்று பெயர். ஸ்ரெபான் பனாக், மசூர், ஸ்ரைன்ஹவுஸ் போன்ற பெரிய கணிதக்காரர்கள் அங்கே மணிக்கணக்காக இருந்து கோப்பியும் கொன்யாக்கும் குடித்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். எழுதுவது மேசையின் பளிங்குக் கல்லில், பென்சிலால். ஒருமுறை பதினேழு மணித்தியாலம் இருந்து ஒரு நிறுவலைக் கண்டுபிடித்தார்கள் என்றும், அடுத்த நாள் மேசை துடைக்கப்பட்டதால் அது இல்லாமலே போனது என்றும் உலாம் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பனாக்கின் மனைவிக்கு இந்த அநியாயம் பொறுக்கவில்லை. 1935 இல் ஒரு தடித்த கொப்பி வாங்கிக் கொடுத்தார். அதைக் கடைப் பணியாளர் பத்திரமாக வைத்திருந்து, கேட்டதும் எடுத்துத் தருவார். தீராத கணக்குகளை அதில் எழுதி, தீர்ப்பவருக்கு என்ன பரிசு என்பதையும் குறித்து வைத்தார்கள். ஒரு போத்தல் வைன், ஒரு சாப்பாடு, ஒரு உயிருள்ள வாத்து. அந்த வாத்துக் கணக்கை மசூர் 1936 இல் எழுதினார். பேர் என்புளோ என்ற சுவீடன்காரர் 1972 இல் அதைத் தீர்க்க, மசூர் வார்சோவில் வைத்து உண்மையாகவே ஒரு வாத்தைக் கூடையில் வைத்துக் கொடுத்தார். முப்பத்தாறு வருடக் கடன், ஒரு உலகப் போரும் இடையில். கணக்காளன் என்ற முறையில் இந்தப் பதிவு எனக்கு மிகவும் பிடித்தது.

ஜோன் வொன் நியூமன் என்ற ஹங்கேரியர் அப்போது அமெரிக்காவில் பிறின்ஸ்ரன் உயர்கல்வி நிறுவகத்தில் இருந்தார். அவருடைய அழைப்பில் 1935 டிசம்பரில் உலாம் அங்கே போனார். அடுத்த வருடத்திலிருந்து ஹார்வர்டில் ஆய்வாளர். கோடை விடுமுறைகளில் ஊருக்கு வந்து, கஃபேயில் இருந்துவிட்டுத் திரும்புவார். 1938 இல் தாயார் இறந்தார். 1939 கோடை முடிந்து புறப்படும்போது பதினேழு வயதுத் தம்பி அடமையும் கூட்டிக்கொண்டு போனார். ஓகஸ்ட் 20 ஆம் திகதி கிடினியா துறைமுகத்தில் தகப்பனாரும் சித்தப்பா ஷிமோனும் அண்ணன் தம்பி இருவரையும் கப்பல் ஏற்றிவிட்டார்கள்.

பன்னிரண்டு நாட்களில் ஜேர்மனி போலந்துக்குள் புகுந்தது. நியூயோர்க்கில் ஒரு ஹொட்டேல் அறையில் இருந்தபோது, நள்ளிரவு கடந்து ஒரு நண்பர் தொலைபேசியில் செய்தியைச் சொன்னார். தம்பி ஆழ்ந்த நித்திரை. உலாம் அவனை எழுப்பவில்லை. விடிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அந்த இரவில் அவர் என்ன நினைத்திருப்பார் என்பதை இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தகப்பனார், அக்கா தங்கை வரிசையில் இருந்த ஒரே சகோதரி ஸ்ரெபானியா, மற்ற உறவினர்கள் எல்லோரையும் நாசிகளின் இன அழிப்பு விழுங்கியது. 1941 இல் லுவூவ் பேராசிரியர்கள் பலர் ஒரே இரவில் பிடிக்கப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கஃபே மேசைகளில் இருந்த ஸ்தோசெக்கும் அவருடைய இரண்டு மகன்மாரும் அவர்களில் அடக்கம். பனாக் உயிர் தப்பினார், எப்படியென்றால் தைபஸ் தடுப்பூசி செய்யும் ஆய்வுகூடத்தில் பேன்களுக்குத் தன் இரத்தத்தை உணவாகக் கொடுத்து. அந்த வேலை அட்டை இருந்ததால் தொடாமல் விட்டார்கள். அவர் 1945 ஓகஸ்டில் நோயால் இறந்தார்.

வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றது. தம்பியின் படிப்புச் செலவை அண்ணனே பார்க்கவேண்டி வந்தது. 1940 இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் சிறிய வேலையொன்று கிடைத்தது. 1941 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார், அதே வருடம் பிரான்சிலிருந்து படிக்க வந்திருந்த பிரான்சுவாஸ் அரோன் என்ற பெண்ணை மணந்தார். தம்பி அடம் பின்னர் ஹார்வர்டில் சோவியத் வரலாற்றுப் பேராசிரியராக வந்து பெயர் எடுத்தார்.

1943 இல் போர் வேலை ஏதாவது கிடைக்குமா என்று வொன் நியூமனிடம் கேட்டார். சிக்காகோ ரயில் நிலையத்தில் இருவரும் சந்தித்தார்கள். இன்ன வேலை, இன்ன இடம் என்று வொன் நியூமன் சொல்லமுடியாத நிலை. பிறகு அழைப்புக் கடிதம் வந்தது, இடம் நியூ மெக்சிக்கோ. அந்த மாநிலத்தைப் பற்றி அறிய உலாம் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுத்தார். முன்பு இரவல் வாங்கியவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. பார்த்தால், கடந்த மாதங்களில் எங்கே போனார்கள் என்று தெரியாமல் காணாமற்போன சக ஆசிரியர்களின் பெயர்கள். இரகசியத்தைக் காப்பாற்ற இராணுவம் எவ்வளவோ செய்தது, நூலகப் பதிவை மறந்துவிட்டது. லொஸ் அலமோஸில் அணுகுண்டு செய்தவர்களோடு அவரும் சேர்ந்தது இப்படித்தான். மகள் கிளெயர் அங்கேதான் 1944 இல் பிறந்தாள்.

போர் முடிந்ததும் லொஸ் ஏஞ்சலிஸ் போய் ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கத் தொடங்கினார். 1946 ஜனவரியில் ஒரு இரவு தாங்கமுடியாத தலையிடி, பேச்சுக் குழறியது. மூளை அழற்சி. வைத்தியர்கள் மண்டையோட்டைத் துளைத்து அவசர சத்திரசிகிச்சை செய்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் கணிதமே வாழ்வாக இருந்தவருக்குப் பயம் வேறு: புத்தி பழையபடி இருக்கிறதா? ஒரு நாள் சத்திரசிகிச்சை நிபுணர் அவரிடம் பதின்மூன்றையும் எட்டையும் கூட்டினால் எவ்வளவு என்று கேட்டார். இப்படிக் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டோமே என்ற வெட்கத்தில் உலாம் பதில் சொல்லாமல் தலையை ஆட்டினார். பிறகு இருபதின் வர்க்கமூலம் என்ன என்று கேட்டார் வைத்தியர். ஏறத்தாழ 4.4 என்றார் உலாம். வைத்தியர் பேசாமல் இருந்தார். சரிதானே என்று உலாம் கேட்க, தனக்கும் விடை தெரியாது என்று சொல்லி வைத்தியர் சிரித்துவிட்டார்.

போல் ஏர்டிஷ் என்ற நண்பர், அவரும் கணிதத்தில் பெரிய ஆள், பார்க்க வந்து சில நாட்கள் கூட இருந்தார். இருவரும் செஸ் ஆடினார்கள். உலாம் வென்றார். நோயாளி என்று இரங்கி விட்டுக்கொடுத்தாரோ என்ற சந்தேகம் பிடித்தது. இரண்டாவது ஆட்டத்திலும் கடுமையாகப் போராடி வென்றார். அப்போது ஏர்டிஷ் களைத்துப்போய் இனி ஆட்டம் வேண்டாம் என்றதைக் கண்ட பிறகே, தன் மூளை வேலை செய்கிறது என்ற நம்பிக்கை வந்தது.

மூளைக்கு வேலை கொடுக்கவேண்டாம் என்பது வைத்தியர் கட்டளை. அதனால் படுக்கையில் இருந்தபடி கடதாசி ஆடினார். எங்களில் 304 ஆடியவர்களுக்கு நான்கு பேர் இல்லாமல் கடதாசியே இல்லை. அவர் ஆடியது தனியாள் ஆட்டம், கான்பீல்ட் என்று பெயர். கலைத்துப் பரப்பிய கட்டு சில தடவை முழுதாகச் சேர்ந்து வரும், பல தடவை வராது. எத்தனைக்கு எத்தனை தடவை சேரும்? கணிதக்காரர் அல்லவா, நிகழ்தகவுச் சூத்திரத்தால் கண்டுபிடிக்கப் பார்த்தார். முடியவில்லை. ஐம்பத்திரண்டு கடதாசிகளை அடுக்கக்கூடிய விதங்களை எண்ணால் எழுதினால் எட்டு என்ற இலக்கத்துக்குப் பின்னால் இன்னும் அறுபத்தேழு இலக்கங்கள் வரும். எல்லாவற்றையும் ஆராய இந்த உலகத்தின் வயதும் போதாது.

அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. சூத்திரம் எதற்கு? நூறு தடவை ஆடு. எத்தனை தடவை சேர்ந்தது என்று எண்ணு. அதுவே விடைக்குக் கிட்டவாக இருக்கும்.

கணக்காய்வு செய்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒரு கம்பனியின் ஐம்பதாயிரம் பற்றுச்சீட்டுகளையும் எந்தக் கணக்காய்வாளரும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. எழுமாறாகச் சிலவற்றை இழுத்துப் பார்க்கிறோம், அதிலிருந்து முழுப் பேரேட்டையும் மதிப்பிடுகிறோம். ஆனால் நாங்கள் இழுப்பது ஏற்கெனவே நடந்த கொடுக்கல் வாங்கல்களிலிருந்து. உலாம் சொன்னது இன்னும் நடக்காதவற்றை. நடக்கக்கூடியவற்றை இயந்திரத்தில் நடத்திப் பார்த்து, அவற்றை மாதிரியாக எடுக்கலாம் என்பதே அவருடைய புதுமை. கையால் நூறு ஆட்டம் ஆடுவது அலுப்பு. ஆனால் எனியாக் என்ற மின்னணுக் கணனி அப்போதுதான் பிறந்திருந்தது. முப்பது தொன் எடை, ஏறத்தாழ 18,000 வால்வுகள். அலுப்பில்லாமல் ஆட ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

குணமாகி லொஸ் அலமோஸ் திரும்பிய உலாம் இதை வொன் நியூமனிடம் சொன்னார். அங்கே தேவைப்பட்டது கடதாசிக் கணக்கல்ல, நியூத்திரன் கணக்கு. அணுக்குண்டின் உள்ளே ஒரு நியூத்திரன் எவ்வளவு தூரம் ஓடும், எதில் மோதும், மோதினால் திசை மாறுமா, உறிஞ்சப்படுமா, அணுவைப் பிளந்து இன்னும் சில நியூத்திரன்களை வெளியே விடுமா என்பதெல்லாம் நிகழ்தகவு. சூத்திரம் போட்டுத் தீர்க்கமுடியாத சிக்கல். சரி, ஒவ்வொரு நியூத்திரனையும் கடதாசி ஆட்டம் போல நடத்துவோம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு எழுமாற்று எண்ணை இழுத்து, அந்த எண் சொல்கிறபடி அதன் விதியைத் தீர்மானிப்போம். இப்படி ஆயிரக்கணக்கான நியூத்திரன்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதிக் கூட்டினால் விடை வரும். 1947 மார்ச்சில் வொன் நியூமன் இதை விரிவான திட்டமாக எழுதினார். எழுமாற்று எண்ணை இயந்திரமே உண்டாக்க ஒரு தந்திரமும் சொன்னார். 1234 ஐ அதனாலேயே பெருக்கினால் 1522756, முன்னால் ஒரு பூச்சியம் சேர்த்து நடு நான்கு இலக்கங்களை எடுத்தால் 5227. அதை அதனாலேயே பெருக்கி நடுவை எடுத்தால் 3215. இப்படியே போகும். இந்த முறையில் குறைகள் உண்டு, பிறகு நல்ல முறைகள் வந்தன. 1948 இல் எனியாக்கில் முதல் ஓட்டங்கள் நடந்தன. நிரல் எழுதியவர்களில் முக்கியமானவர் வொன் நியூமனின் மனைவி கிளாரா.

இரகசிய வேலை என்றால் அதற்கு ஒரு பெயர் வேண்டும். உலாமுக்கு ஒரு சித்தப்பா இருந்தார். மொன்ரே கார்லோவுக்குப் போகாமல் இருக்கமுடியாது என்று சொல்லிச் சொந்தக்காரரிடம் கடன் வாங்கிச் சூதாடப் போகிறவர். அவரை நினைத்து, நிக்கலஸ் மெற்றோபொலிஸ் என்ற சக விஞ்ஞானி மொன்ரே கார்லோ முறை என்று பெயர் வைத்தார். 1949 இல் மெற்றோபொலிஸும் உலாமும் அந்தப் பெயரிலேயே அமெரிக்கப் புள்ளிவிபரவியல் சங்கத்தின் சஞ்சிகையில் கட்டுரை எழுதினார்கள். கடன் வாங்கி ஆடிய ஒருவர் இப்படி விஞ்ஞானத்தில் நிலைத்துவிட்டார். எங்கள் குடும்பங்களிலும் அப்படிச் சிலர் உண்டு, அவர்கள் பெயரில் எதுவும் இல்லை, கடன் மட்டும் இருக்கிறது.

இனிக் கடதாசி மேசைக்கு வருவோம். எனியாக் நின்ற இடம் மேரிலாந்தில் உள்ள அபர்டீன் இராணுவத் தளம். 1950களின் நடுவில் அதே தளத்தில் சேவை செய்த போல்ட்வின், கன்ரி, மைசல், மக்டர்மொட் என்ற நான்கு பேர் மேசைக் கணக்கு இயந்திரங்களை வைத்துப் பிளாக்ஜக்கைக் கணக்குப் போட்டார்கள். எந்தக் கைக்கு இன்னொரு கடதாசி கேட்பது, எதற்கு நிறுத்துவது என்ற பட்டியலை 1956 இல் வெளியிட்டார்கள், உலாமின் கட்டுரை வந்த அதே சஞ்சிகையில். அந்தப் பட்டியலின்படி ஆடினால் நூற்றுக்கு ஏறத்தாழ 0.6 தான் நட்டம் என்றார்கள். பிறகு எட்வேர்ட் தோர்ப் என்ற கணித ஆசிரியர் எம்.ஐ.ரி. யில் இருந்த ஐ.பி.எம். 704 கணனியில் கணக்கைத் திருத்தி, கட்டில் மிஞ்சியுள்ள கடதாசிகளை நினைவில் வைத்திருந்தால் சில வேளைகளில் இலாபம் ஆடுபவர் பக்கம் சாயும் என்று காட்டி 1962 இல் புத்தகம் போட்டார். ஐ.பி.எம்மில் வேலை செய்த ஜூலியன் பிரவுன் கணனியை நீண்ட நேரம் ஆடவிட்டு அந்த எண்களை மேலும் துல்லியமாக்கினார். கசினோக்காரர் சும்மா இருக்கவில்லை. ஒரு கட்டுக்குப் பதில் ஆறு, எட்டுக் கட்டுகளைக் கலந்தார்கள், எண்ணுகிறவர்களை வெளியே அனுப்பினார்கள்.

கசினோவின் இலாபம் எங்கிருந்து வருகிறது? ஏமாற்று எதுவும் தேவையில்லை. ஆடுபவர் முதலில் ஆடவேண்டும், டீலர் பிறகு. ஆடுபவரின் கை இருபத்தொன்றைத் தாண்டினால் அவருடைய காசு உடனே போய்விடும். பிறகு டீலரும் தாண்டினாலும் அது திரும்பி வராது. இலாபம் முழுதும் இந்த ஒரு ஒழுங்கிலேயே இருக்கிறது. டீலர் பதினாறு வரை கடதாசி எடுத்து, பதினேழில் நிறுத்துகிறார். அப்படி ஆடும்போது நூற்றுக்கு ஏறத்தாழ 28 தடவை தாண்டிவிடுகிறார். நீங்களும் அதேபோல ஆடினால் உங்களுக்கும் 28. இருவரும் தாண்டுவது 28 இல் 28 வீதம், அதாவது நூற்றுக்கு 7.8. இது கசினோவின் வரவு. முதல் இரண்டு கடதாசியிலேயே இருபத்தொன்று வந்தால் உங்களுக்கு ஒன்றரை மடங்கு தருகிறார்கள், அதனால் நூற்றுக்கு ஏறத்தாழ 2.3 உங்கள் பக்கம் வரும். கழித்தால் ஐந்தரை. மேலே சொன்ன ஐந்தரை டொலர் இதுதான். எப்போது நிறுத்துவது, எப்போது பந்தயத்தை இரட்டிப்பது, எப்போது சோடியைப் பிரிப்பது என்ற பட்டியலைப் பின்பற்றினால் இது அரைக்கு இறங்கும். இப்போது சில மேசைகளில் ஒன்றரை மடங்குக்குப் பதிலாக ஐந்துக்கு ஆறு தருகிறார்கள். பத்து டொலருக்குப் பதினைந்து வரவேண்டிய இடத்தில் பன்னிரண்டு. சின்ன எழுத்தில் மேசைத் துணியில் எழுதியிருக்கும். அந்தச் சின்ன எழுத்து கசினோவுக்கு நூற்றுக்கு இன்னும் 1.4 சேர்த்துக் கொடுக்கிறது.

இந்த அரையைக் கணனியில் ஆடிப்பார்த்துக் கண்டுபிடிக்க எத்தனை ஆட்டம் தேவை? ஒரு ஆட்டத்தின் நியம விலகல் பந்தயத்தின் 1.15 மடங்கு அளவு. பத்தாயிரம் ஆட்டம் ஆடினால் விடையில் நூற்றுக்கு 1.15 அளவு தளம்பல் இருக்கும். தேடுவதோ அரை. ஆக, பத்தாயிரம் ஆட்டத்துக்குப் பிறகும் ஆடியவருக்கு இலாபம் என்று கணனி காட்டக்கூடும். பத்து இலட்சம் ஆடினால் தளம்பல் 0.115. பத்துக் கோடி ஆடினால் 0.0115, இப்போது அந்த அரையைக் கையால் தொடலாம். பிழையைப் பத்தில் ஒன்றாக்க ஆட்டத்தை நூறு மடங்காக்க வேண்டும், குறுக்கு வழி இல்லை. மணித்தியாலத்துக்கு அறுபது ஆட்டம், நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்று ஒரு மனிதர் இருந்து ஆடினால் பத்து இலட்சம் ஆட்டத்துக்கு லீவு இல்லாமல் ஆறு வருடங்கள் வரை செல்லும். இன்றைய மடிக்கணனிக்கு அது சில வினாடி வேலை.

அதே கணக்கை இனி ஒரு சனிக்கிழமை இரவுக்குப் போட்டுப் பாருங்கள். பத்து டொலர் பந்தயம், நான்கு மணித்தியாலம், 240 ஆட்டம். பட்டியல்படி ஆடுபவரின் சராசரி நட்டம் 12 டொலர். ஆனால் அந்த இரவின் தளம்பல் 178 டொலர். பன்னிரண்டு டொலர் இதற்குள் எங்கே தெரியப்போகிறது? வென்று வரும் இரவுகள் கிட்டத்தட்டப் பாதி. அதனால்தான் கசினோவுக்குப் போகிற எவரைக் கேட்டாலும் வென்ற கதை ஒன்று கையில் இருக்கிறது, அவர்கள் பொய் சொல்லவில்லை. டீலரைப் பார்த்து ஆடுபவருக்கு ஒரு இரவின் சராசரி நட்டம் 132 டொலர். அவரும் சில இரவுகள் வெல்வார். ஆனால் வாரத்துக்கு இரண்டு தடவை என்று வருடத்தில் நூறு இரவு போனால் நட்டம் 13,200, தளம்பல் 1,800 க்கும் குறைவு. இனி அங்கே அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. கைராசிக்காரருக்கு ஒரு இரவு தெரிகிறது, கசினோவுக்குப் பத்துக் கோடி ஆட்டமும் தெரிகிறது. உலாம் படுக்கையில் கண்டுபிடித்த வழி இந்த இரண்டாவது பார்வையைச் சாதாரண மனிதருக்கும் தந்தது.

உலாமின் வாழ்க்கையில் இருண்ட பக்கம் ஒன்று உண்டு, அதைத் தாண்டிப் போகமுடியாது. எட்வேர்ட் ரெல்லர் ஐதரசன் குண்டு செய்ய வருடக்கணக்காக முயன்றுகொண்டிருந்தார். 1950 இல் உலாமும் எவரெட் என்ற நண்பரும் கையால் கணக்குப் போட்டு, ரெல்லரின் திட்டம் எரியாது என்று காட்டினார்கள். மேசை இயந்திரங்களில் கூட்டிக் கழித்த பெண்களில் பிரான்சுவாஸும் ஒருவர். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் 1951 ஜனவரியில் ஒரு நண்பகல் பிரான்சுவாஸ் அறைக்குள் வந்தபோது உலாம் யன்னலால் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அதைச் செய்ய ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். பிரான்சுவாஸ் மகிழவில்லை. மார்ச்சில் ரெல்லரும் உலாமும் கூட்டாக அறிக்கை எழுதினார்கள். யாருக்கு எவ்வளவு பெருமை என்று பிறகு நீண்டகாலம் இழுபறி நடந்தது.

1952 நவம்பர் 1 ஆம் திகதி மார்ஷல் தீவுகளில் எனிவெற்றொக் என்ற இடத்தில் அந்தக் குண்டை வெடித்தார்கள். பத்து மெகாதொன்னுக்கு மேல். எலுகெலாப் என்ற சிறு தீவு அப்படியே இல்லாமல் போனது. எனிவெற்றொக் மக்களை 1947 இலேயே அங்கிருந்து கிளப்பி வேறொரு தீவில் குடியேற்றியிருந்தார்கள். முப்பது வருடங்களுக்கு மேல் அவர்கள் திரும்ப முடியவில்லை. ஊரை இழந்த ஒருவரின் மூளையில் உதித்த எண்ணம் இன்னொரு மக்களின் ஊரை அழித்தது. அந்த மனிதரை நான் மதிக்கிறேன், ஆனால் இந்தக் கணக்கை ஐந்தொகையின் மறுபக்கத்தில் எழுதாமல் விட்டால் அது நேர்மையான ஐந்தொகையல்ல.

அதன்பிறகு பல வேலைகள் செய்தார். பெர்மி, பாஸ்ரா ஆகியோரோடு 1950களின் நடுவில் செய்த ஒரு கணனிப் பரிசோதனை இன்றைக்கும் பௌதிகவியலில் பேசப்படுகிறது. அதற்கு நிரல் எழுதிய மேரி சிங்கூவின் பெயர் பல பத்தாண்டுகள் விடுபட்டே இருந்தது. 1963 இல் அலுப்பான ஒரு கூட்டத்தில் இருந்து தாளில் எண்களைச் சுருளாக எழுதியபோது முதன்மை எண்கள் சாய்கோடுகளில் திரள்வதைக் கண்டார். அறுபதுகளில் கொலராடோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். குளிர்காலங்களில் சில வருடம் புளோரிடாவில் படிப்பித்தார். 1976 இல் தன் வரலாற்றை எழுதினார்.

லுவூவிலிருந்து போலந்துக்காரரைப் போருக்குப் பிறகு மேற்கே அனுப்பிவிட்டார்கள். ஸ்ரைன்ஹவுஸ் விரொட்ஸ்லாவ் போனார். தேநீர்க்கடைக் கொப்பி எப்படியோ தப்பியிருந்தது. 1956 இல் ஸ்ரைன்ஹவுஸ் அதைப் பிரதி செய்து உலாமுக்கு அனுப்பினார். உலாம் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சொந்தச் செலவில் பிரதிகள் எடுத்து உலகம் முழுதும் இருந்த கணிதக்காரருக்கு அனுப்பிவைத்தார். யார் எழுதிய கணக்கு, என்ன திகதி, என்ன பரிசு என்பதெல்லாம் அதில் இருந்தபடியே இருந்தன. இறந்தவர்கள் வாக்களித்த வைன் போத்தல்களும் சாப்பாடுகளும் கூட.

1984 மே 13 ஆம் திகதி சந்தா பே நகரில் மாரடைப்பால் இறந்தார். வயது 75. பாரிசில் மொன்பர்னாஸ் கல்லறையில் பிரான்சுவாஸின் குடும்பத்தாரோடு அடக்கம் செய்தார்கள். பிரான்சுவாஸ் 2011 இல் அங்கே போய்ச் சேர்ந்தார். லா சப்பல் பக்கம் சாமான் வாங்கப் போகிறவர்கள் மெற்றோவில் 4 ஆம் இலக்கப் பாதையில் தெற்கே போனால் அந்தக் கல்லறைக்குக் கிட்ட இறங்கலாம்.